ஏஐ கோச்சிடம் என்ன கேட்கலாம்? தறி குடோனில் இருந்து சில குறிப்புகள்

என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் கையில் இப்போது ஒரு ஏஐ கோச் இருக்கிறது. காலையில் காபி ஆறுவதற்குள் "இன்னைக்கு நாளை எப்படி பிளான் பண்ணலாம்?" என்று கேட்கிறார்கள். அதுவும் சளைக்காமல் அட்டவணை போட்டுக் கொடுக்கிறது: கடினமான வேலையை முதலில் முடி, 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நட, தண்ணீர் குடி, போனைத் தள்ளி வை. நாலு பேருடைய அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. பதில் ஒரே மாதிரி இருப்பதில் ஆச்சரியம் இல்லை, கேள்வி ஒரே மாதிரி இருந்தது.

அப்படியென்றால் இதே விஷயத்தை முன்னால் மனிதர்கள் எப்படிக் கேட்டார்கள்? இதைத் தேடப் போனது பிலடெல்பியாவில் ஆரம்பித்து, நான் பிறந்து வளர்ந்த சோமனூரில் வந்து நின்றது. அந்தக் குறிப்புகள்தான் இவை.

பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் ஒரு நாள் அட்டவணை கொடுத்திருக்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் தனக்குத்தானே ஒரு கேள்வி: இன்று என்ன நல்லது செய்யப் போகிறேன்? ராத்திரி படுக்கும் முன் இன்னொன்று: இன்று என்ன நல்லது செய்தேன்? இரண்டே கேள்விகள். ஒரே ஆள் கேட்டு, அதே ஆள் பதில் சொல்லி, அதே ஆள் நோட்டில் புள்ளி வைத்துக்கொள்கிறார். வேடிக்கை என்னவென்றால், தான் பழகிக்கொள்ள நினைத்த 13 நற்குணங்களில் 'ஒழுங்கு'தான் தனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். எல்லோரும் நகலெடுக்கும் அந்த அட்டவணை, போட்டவருக்கே சரியாக ஓடவில்லை.

அடுத்த பெரிய ஆள் பிரெடரிக் டெய்லர். இங்கே கேட்பவரும் பதில் சொல்பவரும் வேறு வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் கேட்கிறார். இரும்பு தூக்குபவர் வேலையால் பதில் சொல்ல வேண்டும். 1911இல் வந்த அவருடைய புத்தகத்தில் 'ஷ்மிட்' என்ற தொழிலாளியின் கதை இருக்கிறது. பெத்லஹெம் ஸ்டீல் ஆலையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை டன் வார்ப்பிரும்பு ஏற்றிக்கொண்டிருந்தவரை நாற்பத்தேழரை டன் ஏற்ற வைத்தாராம். கூலி 1.15 டாலரில் இருந்து 1.85 டாலர் ஆனது. வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி அறுபது சதவீதம் கூட. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். அதே 1911இல் அமெரிக்க ராணுவத்தின் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில், ஸ்டாப்வாட்சோடு ஆள் வந்து நின்றதும் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. 1915 முதல் 1949 வரை அமெரிக்க ராணுவத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கவே தடை இருந்தது.

தனக்குத்தானே கேட்டால் பதிலைச் சரிபார்க்க ஆள் இல்லை. அடுத்தவர் கேட்டால் பதில் யாருக்குப் போகிறது என்ற பயம். ஏஐ கோச் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.

இனி தறிக்கு வருகிறேன். சோமனூர், கருமத்தம்பட்டி பக்கம் வராதவர்களுக்காகக் கொஞ்சம். கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888இல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் மளமளவென்று பெருகின. மில் நூல் நூற்றது. எங்கள் பக்கத்துக் குடோன்களில் விசைத்தறி அந்த நூலைக் காடா துணியாக்கியது. பெரும்பாலும் கூலித் தறிதான். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் டக்கு டக்கு சத்தம். சத்தம் நின்றால்தான் எங்கள் ஊர்க் குழந்தைகள் முழித்துக்கொள்ளும்.

அப்பாவுக்கு எட்டுத் தறி. சாயங்காலம் குடோனுக்குள் போனதும் அவர் "எத்தனை மீட்டர் ஓடுச்சு?" என்று கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. "எதுக்கு நின்னுச்சு?" என்பார். தறி ஓட்டும் அக்கா வரிசையாகச் சொல்லும். "மூணாம் நம்பர்ல பாவு நூல் அத்துட்டே இருக்குதுங்ணா. அஞ்சாம் நம்பருக்கு மத்தியானம் தார் வரலீங். கரண்ட் ஒன்ற மணி நேரம் போயிருச்சு. ஏழாம் நம்பர் நான் சாப்பிடப் போனப்ப நின்னிருச்சுங், அது நானுங்." கடைசியில் சொன்ன அந்த 'அது நானுங்' எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். நின்ற தறிகளில் ஒன்றுக்குத்தான் அந்த அக்கா பொறுப்பு. மீதி நூலின் தரம், தார் சுற்றும் இடம், மின்வாரியம்.

ஏன் மீட்டர் கேட்கவில்லை? சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தறி நிமிடத்துக்கு 120 பிக் ஓடுகிறது, அதாவது நாடா 120 தடவை குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 50 பிக் துணி என்றால், நிற்காமல் ஓடினால் மணிக்கு 144 அங்குலம், சரியாக நாலு கஜம். அதே தறியில் அங்குலத்துக்கு 72 பிக் ரகத்தை ஏற்றினால் மணிக்கு 100 அங்குலம்தான். மூணு கஜம்கூட வராது. ஆள் அதே ஆள், வேகம் அதே வேகம். மீட்டரைப் பார்த்து ஆளை எடைபோட்டால் நெருக்கமான நல்ல துணி நெய்கிறவர் சோம்பேறி ஆகிவிடுவார். அதனால்தான் தறித் தொழிலில் பேச்செல்லாம் பிக் கணக்கில் நடக்கிறது.

இதையே மில்களுக்கு முறையாகச் செய்தது சிட்ரா. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், 1956இல் கோவையில் தொடங்கியது. மில்களின் உற்பத்தித்திறனை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அறிக்கை போடுவது அதன் நெடுநாள் வேலை. அவர்கள் அளவையின் பெயர் ஹெச்ஓகே: நூறு கிலோ நூல் எடுக்க எத்தனை ஆள்-மணி ஆகிறது என்பதே அது. எண் குறைந்தால் நல்லது. ஆனால் ஒரு மில் 20ஆம் நம்பர் மொத்த நூல் நூற்கும், இன்னொன்று 80ஆம் நம்பர் மெல்லிய நூல் நூற்கும். 80ஆம் நம்பரில் ஒரு கிலோவுக்கு நாலு மடங்கு நீளம் நூற்க வேண்டும், முறுக்கும் கூடுதல். அப்படியே ஒப்பிட்டால் அநியாயம். அதனால் எல்லாவற்றையும் 40ஆம் நம்பர் நூலுக்கு மாற்றி, அதன் பிறகு ஒப்பிட்டார்கள்.

சாப்ட்வேரில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். எங்கள் தொழிலில் இந்த '40ஆம் நம்பருக்கு மாற்றுவது' இன்னும் நடக்கவில்லை என்றுதான் சொல்வேன். எத்தனை டிக்கெட் முடித்தாய், எத்தனை வரி எழுதினாய் என்பதெல்லாம் மீட்டர் கணக்குதான். ஏஐ கோச்சிடம் "நேற்று ஏழு வேலை முடிச்சேன், இன்னைக்கு ரெண்டுதான், என்ன பண்ணலாம்?" என்று கேட்டால் அது கவனச்சிதறல் பற்றி ஒரு பாடம் எடுக்கும். இன்றைய ரெண்டும் 80ஆம் நம்பர் என்று அதற்கு யார் சொல்வது? முதலில் கேட்கவேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: "என் வேலைகளின் பட்டியல் இது. எவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், எவற்றை ஒப்பிடக் கூடாது?"

சரி, தறி எவ்வளவு நேரம் ஓடியது என்று எப்படித் தெரியும்? எட்டுத் தறி என்றால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். நானூறு தறி ஓடும் லங்காஷயர் ஷெட்டில்? எல்.ஹெச்.சி. டிப்பெட் என்ற புள்ளியியலாளர் மான்செஸ்டரில் ஷெர்லி இன்ஸ்டிடியூட் என்ற பருத்தித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். ஒவ்வொரு தறிக்கும் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நாள் முழுக்க நிற்பது நடக்காத காரியம். அவர் கண்ட வழி எளிமையானது. முன்கூட்டித் திட்டமிடாத நேரங்களில் ஷெட்டுக்குள் போய் ஒரு பார்வை பார், எத்தனை ஓடுகிறது, எத்தனை நிற்கிறது, எதற்கு நிற்கிறது என்று குறித்துக்கொள், வந்துவிடு. போதுமான தடவை பார்த்தால், நின்றதாகக் கண்ட விகிதமே நின்ற நேரத்தின் விகிதம். 1930களில் அவர் எழுதிய இந்த முறைதான் பின்னால் 'வொர்க் சாம்ப்ளிங்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. தறி குடோனில் பிறந்த முறை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமை, குடோன் மான்செஸ்டரில் இருந்தாலும்!

இதற்குச் சமவாய்ப்பு நேரங்கள் வேண்டும். அதே டிப்பெட்தான் 1927இல் 41,600 இலக்கங்கள் கொண்ட சமவாய்ப்பு எண் அட்டவணையை வெளியிட்டவர். இங்கே ஒரு எச்சரிக்கை: ஏஐ கோச்சிடமே "எட்டு சமவாய்ப்பு நேரம் கொடு" என்று கேட்காதீர்கள். மொழி மாதிரிகளுக்கு 7, 37, 42 மாதிரிச் சில எண்கள் மேல் தனிப் பாசம் உண்டு. பைத்தானில் ஒரு வரி போதும், இல்லையென்றால் வீட்டில் இருக்கும் தாயக்கட்டை போதும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், கேட்டால் நாமே சொல்லிவிட மாட்டோமா? மாட்டோம். பீட்டர் டிரக்கர் 1967இல் மேலாளர்களுக்காக எழுதிய புத்தகத்தில் ஒரு நிறுவனத் தலைவரைப் பற்றிச் சொல்கிறார். தன் நேரத்தை மூன்று பங்காகப் பிரித்துச் செலவிடுவதாக அந்த மனிதர் உறுதியாக நம்பினார்: மூத்த அதிகாரிகளுக்கு ஒன்று, முக்கிய வாடிக்கையாளர்களுக்கு ஒன்று, சமூகப் பணிக்கு ஒன்று. ஆறு வாரம் குறித்துப் பார்த்ததில் அந்த மூன்றுக்கும் ஏறக்குறைய நேரமே போகவில்லை. தெரிந்தவர்களின் ஆர்டர் எங்கே நிற்கிறது என்று தொழிற்சாலைக்குப் போன் போட்டுத் துரத்துவதில்தான் பெரும்பாலும் போயிருந்தது. குறிப்பைப் பார்த்ததும் அவர் முதலில் நம்பவில்லையாம்.

எங்கள் தொழிலில் இதற்கு இன்னும் கூர்மையான சான்று வந்துவிட்டது. 2025 ஜூலையில் மீட்டர் என்ற ஆராய்ச்சி அமைப்பு ஒரு சோதனை முடிவை வெளியிட்டது (துணி மீட்டர் இல்லை, நிறுவனத்தின் பெயரே அதுதான்). அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் நிரலாளர்கள், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த நிரல்களில் 246 வேலைகள். சில வேலைகளுக்கு ஏஐ உதவி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. எது எது என்பது சமவாய்ப்பில் முடிவானது. ஏஐ இருந்தால் 24 சதவீதம் சீக்கிரம் முடியும் என்று முன்கூட்டிச் சொன்னார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நம்பினார்கள். அளந்து பார்த்ததில் 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது. பதினாறே பேர், 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகள், அதனால் ஏஐ எல்லோரையும் மெதுவாக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் "இன்னைக்கு நல்லா ஓடுச்சு" என்ற நம் உணர்வுக்கும் கடிகாரத்துக்கும் இருக்கும் தூரம் இதில் தெரிகிறது. அந்த உணர்வை மட்டும் கோச்சிடம் கொட்டினால், அது நம் கற்பனைக்கு ஆலோசனை சொல்லும்.

கோச் பக்கத்திலும் ஒரு பழைய பிரச்சினை உண்டு. 1966இல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற நிரலை எழுதினார். நாம் சொல்வதையே திருப்பிக் கேள்வியாக்கும், அவ்வளவுதான் அதன் வித்தை. அது எழுதப்படுவதைக் கூட இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு பேச உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்ற மாதிரிச் சொல்லிவிட்டாராம். இப்போது இருப்பவை எலைசாவைவிடப் பல மடங்கு விஷயம் தெரிந்தவை. ஆனால் தலையாட்டும் பழக்கம் கூடவே இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ தன் மாதிரி ஒன்றின் புதிய பதிப்பை, அது அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறது என்று சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. தறி ஓட்டும் அக்கா 'அது நானுங்' என்று சொன்ன மாதிரி, 'அது நீங்கதானுங்' என்று நம்மிடம் சொல்ல கோச்சுக்குத் தனியாக அனுமதி கொடுக்கவேண்டியிருக்கிறது.

இன்னொரு நெசவு ஷெட், இந்த முறை அகமதாபாத். சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் போட்டும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. 1953இல் லண்டன் டாவிஸ்டாக் இன்ஸ்டிடியூட்டில் இருந்து ஏ.கே. ரைஸ் வந்து பார்த்தார். இருநூற்றுச் சொச்சம் தறிக்கு முப்பது பேருக்கும் குறைவான ஆட்கள்; அவர்களை 12 விதமான வேலையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நூல் முடிபவர் ஒருவர், தார் மாற்றுபவர் ஒருவர், எண்ணெய் விடுபவர் ஒருவர். ஒவ்வொருவர் வேலையும் தனித்தனியே அளந்து கச்சிதமாகக் கணக்கிட்டது. ஆனால் எந்தத் தறிக்கும் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. ஒரு சின்னக் குழுவுக்கு ஒரு தொகுதித் தறிகள் என்ற யோசனையை ரைஸ் முன்வைத்ததும், ஆட்களை எப்படிச் சேர்ப்பது என்று தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களுமே பேசி முடிவுசெய்து வந்துவிட்டார்கள். ஆரம்பத் தடுமாற்றத்துக்குப் பிறகு உற்பத்தி ஏறியது, துணிச் சேதம் குறைந்தது. யாரும் முன்பைவிட வேகமாகக் கையை ஆட்டவில்லை.

என் அபிப்பிராயத்தில் 'பர்சனல் புரொடக்டிவிட்டி' என்ற சொல்லிலேயே சிக்கல் அந்த 'பர்சனல்'தான். 2022 தொடக்கத்திலும் 2025 மார்ச், ஏப்ரலிலும் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டக் கூலித் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. ஒப்புக்கொண்ட கூலி கைக்கு வராமல், மின்கட்டணமும் உதிரிபாக விலையும் ஏறிக்கொண்டே போனால், ஒரு ஆள் நாலு தறிக்குப் பதில் எட்டுத் தறி பார்த்தாலும் வீட்டுக்கு வருவது கூடுவதில்லை. ஷ்மிட் கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? எங்கள் தெருவில் பழைய இரும்பு விலைக்குத் தறியைக் கழற்றி விற்ற வீடுகள் உண்டு. அவர்கள் யாரும் காலையில் சீக்கிரம் எழத் தவறியவர்கள் இல்லை. அதனால் கோச்சிடம் இதையும் கேட்கலாம்: "மிச்சமாகும் ஒரு மணி நேரம் யாருக்குப் போகும்?" அந்த மணியில் இன்னொரு டிக்கெட் வந்து உட்காரும் என்றால் மிச்சப்படுத்துவது எதற்கு என்று நான் தீர்மானிக்க வேண்டும், கோச் இல்லை. கோச் ஆபீஸ் கொடுத்தது என்றால், நான் எழுதும் குறிப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் படிக்க முடியும் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. அதைக் கோச்சிடம் கேட்டுப் பயனில்லை, ஐடி துறையிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வாட்டர்டவுன்காரர்கள் சண்டை போட்டது இதே விஷயத்துக்காகத்தான்.

நான் இப்போது செய்வது இது. ஒரு சின்ன நிரல், வேலைநேரத்துக்குள் சமவாய்ப்பாகப் பத்துத் தடவை போனை அதிரவைக்கும். அந்த நொடியில் 'ஓடுது' அல்லது 'நிக்குது'. நின்றால் எதற்கு: நூல், தார், கரண்ட், நான். 'நூல்' என்றால் வந்த வேலையே குழப்பமாக இருப்பது. 'தார்' என்றால் அடுத்தவரிடம் இருந்து வரவேண்டியது வராதது. 'கரண்ட்' என்றால் கூட்டம், சர்வர் படுத்துக்கொள்வது மாதிரி யார் கையிலும் இல்லாதவை. மூன்று வாரத்தில் 150 புள்ளி சேரும். நூறு புள்ளியில் முப்பது நின்றிருந்தால், உண்மை அதற்கு ஒன்பது பத்து இப்படியோ அப்படியோ இருக்கலாம். அதனால் இரண்டாம் நாளே முடிவு கட்டக் கூடாது, வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குவதைப் பார்த்துக் குதிக்கவும் கூடாது.

மூன்று வாரத் தாளோடுதான் கோச்சிடம் போனேன். கேட்டது இப்படி: "இது என் நின்ற கணக்கு. அட்டவணை வேண்டாம், பாராட்டு வேண்டாம். இந்தப் புள்ளிகளை வைத்து எதைச் சொல்ல முடியாது என்று முதலில் சொல். பிறகு நான் தவிர்க்கும் ஒரு கேள்வியை என்னிடம் கேள்."

சொல்ல முடியாதது பற்றி ஒரு பத்தி எழுதியது, சரியாகவே இருந்தது. அதன் பிறகு வந்த கேள்வி: 'தார்' என்று குறித்த புள்ளிகளில் பாதி பகல் பதினொன்றுக்கும் ஒரு மணிக்கும் நடுவில் இருக்கின்றன, யாருடைய பதிலுக்காக அந்த நேரத்தில் காத்திருக்கிறீர்கள், அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

வேறு நேர மண்டலத்தில் இருக்கும் ஒருவருடைய ஒப்புதலுக்காகத்தான். சொன்னதில்லை. போன வாரம் சொன்னேன். இரவே பார்த்து அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். புதிதாகத் தாள் போட்டு இன்றைக்கு நாலாம் நாள், நாற்பது புள்ளிதான் ஆகியிருக்கிறது.